குடிக்காதவரின் ஈரல்

(நமது மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூட்டத்தில் மருத்துவர்கள் சார்பில் கொடுக்கப்பட்ட உரை)

தூரத்துச் சபைகளிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்பாக எங்களுக்கு அரைமணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். பேச வேண்டியது சாப்பாட்டைப் பற்றியும் என்பதால் அந்த நேரம் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமானதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருஷந்தோறும் பிரசவ வார்டைப் பற்றியோ கண் முகாம்களைப் பற்றியோ சொல்லுவோம். நீங்கள் செய்த உதவி யாரைப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லுவது எங்கள் கடமை. இந்த வருஷம் சொல்லப்போகிற வியாதியோ வார்டில் மட்டும் இருக்கிற ஒன்றல்ல. இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிற உங்களிலும், மேடையில் நிற்கிற எங்களிலும் பலருடைய சரீரத்தில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. கல்லீரலில் கொழுப்பு சேருகிற வியாதி. வயிற்று ஸ்கேன் எடுத்தவர்கள் ‘ஃபேட்டி லிவர்’ என்று காகிதத்தில் பார்த்திருப்பீர்கள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வயது 59. இரத்தம் இரத்தமாக வாந்தி எடுத்திருந்தார். வயிறு மகோதரமாக வீங்கி, கால்களில் நீர் கட்டி, கண்கள் மஞ்சளாக இருந்தன. பரிசோதித்துப் பார்த்தோம். ஈரல் சுருங்கிப் போயிருந்தது. ஈரல் சுருக்கம் என்றதும் மருத்துவர் மனதில் முதலாவது எழும்புகிற கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். எங்கள் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்: “டீச்சர், எப்பவாவது மது எடுக்கிற பழக்கம் உண்டுமா?” இல்லை என்றார். சாயங்காலம் வேறொருவர் கேட்டார். மறுநாள் எங்களில் மூத்தவரே அவருடைய கணவரைத் தனியே வராந்தாவுக்கு அழைத்து அதே கேள்வியைக் கேட்டார். அது அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

“ஐயா, காப்பியத் தவிர வேற எதையும் நான் தொட்டதில்ல. என் பிள்ளைக முன்னால அத மறுபடி கேக்காதீங்க” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பிறகு அவருடைய பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தோம். நான்கு வருஷங்களுக்கு முன் அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை எங்களிடத்திலேயே நடந்திருக்கிறது. சர்க்கரை மாத்திரையும் பன்னிரண்டு வருஷமாக எங்கள் மருந்துக்கடையில்தான் வாங்கிவந்தார். அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தது. அந்த வரியை அவருக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. அன்றைய இரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்த எண்களை வைத்து என்ன கணக்குப் போட்டிருக்கலாம் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரத்தக் குழாய்களுக்கு வளையம் போட்டு இரத்தப்போக்கை நிறுத்தினார்கள். ஆனாலும் அடுத்த வருஷம் காலமானார். அடக்க ஆராதனைக்கு நாங்களும் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். “ஈரல் கெட்டுப் போச்சாமே. வீட்டுக்குள்ள என்ன நடந்ததுன்னு நமக்கென்ன தெரியும்?” அந்தச் சந்தேகம் ஊரில் பிறந்ததற்கு எங்கள் வராந்தாக் கேள்வியும் ஒரு காரணமோ என்று இன்றைக்கும் எங்களுக்கு உறுத்தல் உண்டு.

இந்த அவமானம் நம்மூருக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1980-ம் வருஷம் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் திசுப் பரிசோதனை செய்யும் டாக்டர் ஜுர்கன் லுட்விக் என்பவர், 20 வியாதியஸ்தர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுடைய ஈரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் குடிகாரரின் ஈரல் போலவே இருந்தது. அவர்களோ குடிப்பவர்கள் அல்ல. பெரும்பாலோர் ஓரளவு பருமனானவர்கள். பலருக்கு சர்க்கரை வியாதியும் பித்தப்பைக் கல்லும் இருந்தன. இப்படிப்பட்டவர்களிடம் குடியை ஒப்புக்கொள்ளும்படி மருத்துவர்கள் வீணாக வற்புறுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் லுட்விக் அந்தக் கட்டுரையில் எடுத்துக் காட்டினார். அதுவரை பெயரில்லாமல் இருந்த வியாதிக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். நாங்கள் வராந்தாவில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டதோ அதற்கு எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு. வாசித்திருந்தும் கேட்டோம்.

‘மது அல்லாத’ என்று ஆரம்பித்த அந்தப் பெயரும் 2023-ல் மாற்றப்பட்டது. வியாதி எதனால் வரவில்லை என்று சொல்லுவதைவிட எதனோடு சேர்ந்து வருகிறது என்று சொல்லுவது நல்லது என்று உலக ஈரல் நிபுணர்கள் தீர்மானித்தார்கள். இப்போதைய பெயரைத் தமிழில் சொன்னால், சரீரம் ஆகாரத்தைப் பயன்படுத்தும் முறையில் உண்டாகும் கோளாற்றோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் வியாதி. நீளமான பெயர்தான். எங்கள் வார்டில் “ஈரல்ல கொழுப்பு” என்றே சொல்லுகிறோம். கொழுப்பு என்றால் நம்மூரில் திமிர் என்றும் அர்த்தம் உண்டல்லவா? ஒரு பாட்டி தன் மருமகனைப் பார்த்து, “டாக்டரே சொல்லிட்டாங்க, கேட்டுக்கோ” என்றார். நாங்களும் சிரித்துவிட்டோம்.

கொழுப்பு அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் பெரும்பாலோர் நெய்யையும் ஆட்டுக்கறியையும் நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் பழையபடியே சாப்பிட்டுக்கொண்டு, ஈரல் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறார்கள்.

நம் பாட்டன்மார் வீடுகளில் நெல் போட்டு வைக்கக் குதிர் இருந்தது. குதிர் நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் அடுப்பங்கரையிலும் மூட்டை அடுக்க வேண்டியதுதான். பிறகு சமைக்க இடமிராது. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்புத் திசுதான் சரீரத்தின் குதிர். ஈரல்தான் அடுப்பங்கரை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு சர்க்கரையைச் சேமித்து, தேவைக்கு வெளியே விட்டு, புரதங்களைச் செய்து, விஷத்தை முறித்து ஓயாமல் வேலை செய்கிறது. குதிரின் கதவைப் பூட்டி வைப்பது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். தொப்பை வளர வளர, அசைவு குறையக் குறைய, சரீரம் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. பூட்டு தளர்ந்துவிடும். கொழுப்பு இரத்தத்தில் கசிந்து ஈரலுக்கு வந்து இறங்கும். கணையமோ இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த மிகுதியான இன்சுலின், ஈரலுக்குள் வருகிற மாவுச்சத்தையும் இனிப்பையும் கொழுப்பாக மாற்றும்படி தூண்டும். சர்க்கரை வியாதியும் ஈரல் கொழுப்பும் ஒன்றையொன்று வளர்ப்பது இப்படித்தான்.

2005-ல் மினசோட்டாவில் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். ஈரல் கொழுப்பு உள்ள சிலருக்கு அடையாளமிட்ட சத்துகளைக் கொடுத்து, பிறகு ஈரல் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். ஈரலில் இருந்த கொழுப்பில் 59 சதவீதம் சரீரத்தின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்தது. 26 சதவீதம் ஈரல் தானே மாவுச்சத்திலிருந்தும் இனிப்பிலிருந்தும் செய்தது. சாப்பிட்ட கொழுப்பிலிருந்து நேரே வந்ததோ 15 சதவீதம் மாத்திரமே. நெய்யை அளவில்லாமல் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லுவதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாம். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நெய் தனியாக நிற்கக் கூடாது. மூன்று வேளையும் குவித்துப் போடுகிற வெள்ளைச் சோறும், இட்லியும், நாளைக்கு ஐந்து முறை இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும், விருந்தாளிக்கு வாங்கி வைத்த கலர் பாட்டிலும் பக்கத்தில் நிற்க வேண்டும். அசனத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற கறிக்குழம்பைப் பற்றி எங்களுக்குப் பெரிய புகார் இல்லை. மீதி 364 நாளைப் பற்றித்தான்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? சென்னையில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்கேன் செய்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் சர்க்கரை வியாதி உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல், 54.5 சதவீதம். சர்க்கரை வியாதியோ நமக்குத் தெரியாததல்ல. 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நாட்டில் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேருக்கு அது இருக்கிறது. இந்திய அரசாங்கமும் 2021 பிப்ரவரியில் இந்த ஈரல் வியாதியை, சர்க்கரை, இருதய வியாதி, புற்றுநோய் இவற்றுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

“நான் ஒல்லிதானே” என்கிறவர்கள் இதைக் கேளுங்கள். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம் நாட்டவருக்கு 21.2 சதவீதம். கையும் காலும் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பது நம்முடைய உடல்வாகு. ஆகையால் நமக்கு எடைக் கணக்கு 23-ஐத் தாண்டினாலே அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். ஆண்கள் தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டிக்கொண்டு அதே சைஸ் என்று சொல்லுகிறார்கள்.

ஈரலில் கொழுப்பு என்று வாசித்ததும் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு அது கொழுப்போடு நின்றுவிடுகிறது. சிலருக்கு அழற்சி உண்டாகி, புண் ஆறினால் தழும்பு விழுவதுபோல ஈரலில் தழும்பு விழுகிறது. தழும்பு பரவிப் பரவிப் பத்து இருபது வருஷங்களில் சுருக்கமாகிறது. சிலருக்குப் புற்றுநோயும் வரும். இவ்வளவு தூரம் போகும்வரை வலி இல்லை, மஞ்சள் இல்லை, பசி குறைவதுமில்லை. சிலருக்கு அசதி இருக்கும். அசதி யாருக்குத்தான் இல்லை? இன்னொன்றும் உண்டு. இந்த வியாதியுள்ளவர்களில் அதிகம் பேர் இறப்பது ஈரலால் அல்ல, இருதயத்தால். ஈரலில் கொழுப்பு என்று தெரிந்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லுவது அதனால்தான்.

யாருக்குத் தழும்பு விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. இதற்கு வேண்டியது நான்கு எண்கள். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்னும் இரண்டு ஈரல் பரிசோதனைகள், டெங்கு காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட பிளேட்லெட் எண்ணிக்கை. வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, அதை பிளேட்லெட் எண்ணிக்கையாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். விடை 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2). 2.67-க்கு மேலே போனால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்கு ஈரலின் விறைப்பை அளக்கும் கருவிப் பரிசோதனை. குத்தல், அறுவை ஒன்றும் அதில் இல்லை.

டீச்சரின் பழைய ஃபைலுக்கு வருகிறோம். அப்போது அவருக்கு வயது 55. ஏஎஸ்டி 48, ஏஎல்டி 36, பிளேட்லெட் ஒரு லட்சத்து 30 ஆயிரம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ‘கொஞ்சம் முன்பின்’ என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்தான். அப்படியே ஒதுக்கியிருக்கிறோம். கணக்கைப் போட்டால் 55-ஐ 48-ஆல் பெருக்கி 780-ஆல் வகுக்க வேண்டும். விடை 3.4. நான்கு எண்களும் ஒரே தாளில், எங்கள் கையெழுத்தோடு, நான்கு வருஷம் அலமாரியில் இருந்தன. ஒருவரும் பெருக்கிப் பார்க்கவில்லை. இப்போது சர்க்கரை வியாதியஸ்தர் ஒவ்வொருவருடைய அட்டையிலும் அந்த விடைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். நர்ஸ் அதை நிரப்பாமல் அட்டை டாக்டர் மேஜைக்கு வரக்கூடாது.

சரி, சிகிச்சை என்ன என்பீர்கள். எடையைக் குறைப்பதுதான். கியூபாவில் 293 பேருக்கு ஒரு வருஷம் ஆகாரக் கட்டுப்பாடும் நடையும் கொடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு ஈரல் அழற்சி மறைந்தது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பே குறைந்தது. தழும்பு குறையும் என்பது எங்கள் படிப்புக் காலத்தில் சொல்லித் தராத செய்தி. ஆனால் அதே ஆய்வில் 5 சதவீத எடையாவது குறைத்தவர்கள் பத்துக்கு மூன்று பேர்தான். பத்தில் ஒரு பங்கை எட்டியவர்கள் 29 பேர். இது எளிது என்று நாங்கள் சொல்லமாட்டோம். எங்கள் மருத்துவர்களிலேயே இருவர் இரண்டு வருஷமாக முயற்சி செய்து, இன்னும் அதே எடையில் இருக்கிறார்கள்.

70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். ஏழு கிலோ குறைத்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம், ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்து திடீரென்று இளைப்பது ஈரலுக்கு ஆகாது. லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிற சர்க்கரை வியாதியஸ்தர்கள் மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே வந்து கேளுங்கள், தயவுசெய்து. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் கீரையும் பயறும் முட்டையும் மீனும் வரட்டும். டீக்குச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். எடை குறையாவிட்டாலும் நடையினால் ஈரல் கொழுப்பு குறைகிறது. காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை போடாத காப்பியைச் சொல்லுகிறோம்.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. குடிக்காதவருக்கும் ஈரல் கெடும் என்பதால் குடிப்பவர் ஆறுதல் அடைய வேண்டாம். கொழுப்புள்ள ஈரலுக்கு மது இரட்டை அடி.

மருந்துகளும் வந்திருக்கின்றன. தழும்பு விழுந்தும் சுருக்கம் வராத நிலையில் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமக்ளூடைட் என்ற ஊசிக்கும் அனுமதி கொடுத்தார்கள். வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவர்களுக்கு அவை தேவைப்படுவதில்லை. ஈரலைச் சுத்தம் செய்யும் என்று பஸ் நிலையத்தில் விற்கிற பொடிகளையும் லேகியங்களையும் பற்றி எங்களிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத எதையும் ஈரல் கெட்டவர் சாப்பிடக் கூடாது. அதையும் முறிக்க வேண்டியது அந்த ஈரல்தானே.

டீச்சரின் மகள் போன வருஷம் தானாகவே வந்தார். வயது 37. “எங்க அம்மாவுக்குப் பார்க்காததை எனக்குப் பாருங்க” என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இடுப்புச் சுற்றளவு 91. ஸ்கேனில் ஈரல் கொழுப்பு இருந்தது. தழும்புக் கணக்கு 0.64. ஆகையால் மருந்து எதுவும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறார். ராத்திரிச் சோறு ஒரு கரண்டியாகிவிட்டது. போன மாதம் அளந்தபோது 85. “மாமியார் வீட்டில சீக்கா, சாப்பாடு போடலையான்னு கேக்கிறாங்க டாக்டர்” என்று சிரித்தார். போகும்போது அம்மாவின் ஃபைலைக் காட்டச் சொன்னார். காட்டினோம். அந்தத் தாளின் நகல் ஒன்று கேட்டார், கொடுத்தோம். சபையில் யாரிடம் அதைக் காட்டப்போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது. பந்தியில் இலை போட்டாயிற்று என்று சைகை காட்டுகிறார்கள். பந்திக்குப் போகிற வழியில், வேப்பமரத்தடியில் இரண்டு மேஜைகள் போட்டிருக்கிறோம். எங்கள் நர்ஸ்மார் அளவு நாடாவோடு இருப்பார்கள். பெண்களுக்குத் தனி மறைப்பு உண்டு. சாப்பிட்ட பிறகு அளந்தால் எண் கூடிவிடும் என்பதால் முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள் வைத்திருந்தால் கையோடு கொண்டுவாருங்கள், அங்கேயே கணக்குப் போட்டுத் தருவோம்.